பாஸ் பெட்டிக்கு ஓர் இடம்

எங்கள் மச்சான் ஒரு பாட்டை ஆரம்பம் முதல் முடிவு வரை உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அந்த வீட்டிலேயே அவர் ஆசை ஆசையாகத் துடைத்து வைத்திருந்த சாமான் ஸ்டீரியோ செட்டுதான். ரெக்கார்டை எடுப்பார், தூசியை ஊதுவார், ஊசியை மெதுவாக இறக்குவார், திவானில் வந்து உட்காருவார். பாட்டு சூடு பிடிப்பதற்குள் எழுந்துவிடுவார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இங்க இல்ல" என்பார். எது இங்கே இல்லை என்பது வெகுநாள் எனக்கு விளங்கவில்லை. மனுஷன் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்றே நினைத்தேன்.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த எங்கள் அத்தா, என்னை டீச்சர் ட்ரெய்னிங் படிக்கப் பாலக்காட்டுக்கு அனுப்பியபோது அக்கா வீட்டில்தான் தங்கினேன். முன்னால் ஜவுளிக்கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு நீளமான ஹால். கடை மச்சானுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. அண்ணனை நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். அவர் குடும்பம் மாடியில் இருந்தது. பெரிய மச்சான் கல்லாவில் உட்கார்ந்தால் மதியம் லுஹர் தொழுகைக்குத்தான் எழுந்திருப்பார். அவருக்கும் சேர்த்து இவர் அலைந்தார்.

சாப்பிட உட்கார்ந்தால் இலையோடு கொஞ்சம் தள்ளி உட்காருவார். பிறகு இன்னும் கொஞ்சம். "அங்கயும் இதே மீன் கொழம்புதாங்க" என்று அக்கா சொல்லுவாள். ஒருமுறை எங்கள் மூன்று பேருக்கும் பொள்ளாச்சி வழியாகக் குமுளிக்குப் பயணம். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். காற்று சரியில்லை என்று எதிர்ப்பக்கம் போனார். அங்கே வெயில். பின்சீட்டில் சக்கரச் சத்தம். முன்சீட்டில் டிரைவர் பேசிக்கொண்டே வந்தார். கம்பம் போய்ச் சேருவதற்குள், ஏறும்போது உட்கார்ந்த இடத்தில் ஒருத்தரும் இல்லை. எல்லாரையும் மாற்றி உட்கார வைத்துவிட்டார், அதுவும் சிரிக்கச் சிரிக்கப் பேசி. நானும் அக்காவும் யாரோ மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

குமுளியில் அத்தா கடையில் இருந்த தராசையும் விடவில்லை. வாசல் பக்கம் தொங்கினதை, மலைக்காற்றில் தட்டு ஆடுகிறது என்று உள்ளே சுவர் ஓரமாக மாட்டினார். அத்தா பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பிய பிறகு அம்மாவிடம், "மாப்பிள்ளைக்குக் கால்ல சக்கரம். ஆனா தராசு இப்பத்தான் ஒழுங்கா நிக்குது, அதையும் சொல்லணும்" என்றாராம்.

இப்படிப்பட்டவர் கையில் ஸ்டீரியோ கிடைத்தால் என்ன ஆகும்? கூட்டாளி ஒருத்தர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த செட் அது. ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு சுற்றும் மேஜை, அலமாரித் தட்டில் அடங்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். பாடுகிறவர் எச்சில் விழுங்குவது கூடக் கேட்டது. எங்களுக்கெல்லாம் அதுவே பெரிய அதிசயம். மச்சானிடம் நாதஸ்வர ரெக்கார்டு ஒன்று இருந்தது. அதில் தவில்காரர் வலக்கையால் அடிப்பது பட்டுப் பட்டென்று வந்து விழுந்தது. இடக்கைக் குச்சியால் தொப்பி என்கிற இடப்பக்கத்தில் விழும் கனத்த அடி மட்டும் வரவேயில்லை. தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அடி இங்க இல்ல பாத்தியா? ரெக்கார்டுல இருக்கு. பெட்டிக்குத்தான் வயிறு பத்தல" என்றார் மச்சான். அன்றைக்குத்தான் அவர் தேடுவது என்ன என்று தெரிந்தது.

வயிறு ஒரு மாசத்தில் வந்து சேர்ந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இழுத்து மூடிய டூரிங் டாக்கீஸ் ஒன்றிலிருந்து, சோற்றுத் தாம்பாளம் அளவுக்கு ஒரு பழைய ஸ்பீக்கரை ஜமக்காளத்தில் சுற்றி எடுத்து வந்தார். ஆசாரியைக் கூப்பிட்டு அதற்குத் தேக்கில் பெட்டி அடித்தார். அடிச் சத்தத்துக்கென்றே ஆன அதற்குப் 'பாஸ் பெட்டி' என்று பேரும் வைத்தார். அக்காவின் இடுப்பு உயரம் இருந்தது. கடையில் சரக்கு எடுத்துப்போடும் மாரப்பனும், ஆசாரியும், மச்சானுமாகத் தூக்கி வந்து ஹாலில் வைத்தபோது அக்கா, "பீரோன்னு நெனச்சேன். கதவைக் காணோமே" என்றாள்.

முதல் நாள் அந்தப் பெட்டி செய்த அட்டூழியத்தைச் சொல்லி மாளாது. பாட்டு அலமாரியில் பாடியது, தவில் பக்கத்து வீட்டில் வாசித்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாடகர் வாய் திறந்தால் பெரிய பெட்டிக்குள் இன்னொருத்தர் உட்கார்ந்துகொண்டு, மூக்கடைத்த குரலில் கூடவே பாடினார். "பெரிய பெட்டிக்குள்ள ஆள் பேசக் கூடாது" என்று மச்சான் சட்டம் போட்டார். கம்பியைக் கட்டையில் சுற்றிச் சுற்றிக் காயில் பண்ணினார். கூடவே கண்டன்ஸர் வைத்தார். மேல் சத்தம் சின்னப் பெட்டிக்கு, அடிச் சத்தம் பெரிய பெட்டிக்கு, எங்கே பிரிப்பது என்பதுதான் கேள்வி. கொஞ்சம் கீழே பிரித்தால் நடுவில் பள்ளம் விழுந்தது. மேலே பிரித்தால் அந்த மூக்கடைத்தவர் திரும்ப வந்துவிட்டார்.

பிறகு இரண்டு பெட்டியும் ஒன்றை ஒன்று தின்கின்றன என்று கண்டுபிடித்தார். பெரிய பெட்டியை அணைத்தால் அடிச் சத்தம் கூடியது, போட்டால் குறைந்தது. எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது" என்று கையை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். பெட்டிக்குப் பின்னால் குனிந்து இரண்டு ஒயர்களையும் மாற்றிக் கொடுத்தார். ஹால் நிறைந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

அத்தோடு விட்டாரா? வீட்டில் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொன்னார். மூக்குக் கண்ணாடிக் கடையில் கேட்பது போல, "இதுவா? அதுவா?" என்று மாற்றி மாற்றிப் போடுவார். நான் யோசித்துச் சொல்லுவேன், அதனால் என்னை விடவே மாட்டார். அக்கா பத்திரி சுடப் பிசைந்த அரிசி மாவு ஒட்டிய கையோடு வந்து நிற்பாள். கேட்கக்கூட மாட்டாள், "அதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் ஓட்டு எப்போதும் அதுதான். மச்சானுக்கு அது போதுமாக இருந்தது.

இனி மிச்சம் இருந்தது இடம். பெட்டியைச் சுவர் ஓரம் வைத்தார், ஜன்னல் அடியில் வைத்தார், மாடிப்படிக்குக் கீழே வைத்தார். கடைசியில் ஒரு யுக்தி செய்தார். நாம் உட்காருகிற திவான் மேல் பெட்டியை ஏற்றி வைத்தார். ரெக்கார்டைப் போட்டுவிட்டுத் தான் தரையில் இறங்கித் தவழ்ந்தார். எந்த இடத்தில் காது வைத்தால் அடிச் சத்தம் சரியாகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம் என்று கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அன்றைக்குத்தான் பக்கத்து ஊரான புதுநகரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க இரண்டு பெண்கள் வந்தார்கள். திவானில் பெட்டி உட்கார்ந்திருக்கிறது, வீட்டு ஆம்பளை சுவர் ஓரமாகத் தவழ்ந்து போகிறார். அக்கா ஓடிவந்து நாற்காலி போட்டாள். வந்தவர்களில் வயசான அம்மா உட்கார்ந்ததும் மச்சான் தரையிலிருந்தே நிமிர்ந்து, "மாமி, அந்த எடத்துல அடிச் சத்தம் குமியும். கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்றார். அவர்கள் சாயா குடித்துவிட்டுப் போனவர்கள்தான். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. அந்த அம்மா என் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓணமும் பெருநாளும் முடிந்து கடையில் சரக்கு குறைந்த ஒரு நாள், சத்தம் கெட்டுப்போனது. தவழ்ந்து கண்டுபிடித்த இடத்தில் வைத்த பெட்டியை யாரும் தொடவில்லை, ஒயரையும் தொடவில்லை. ஆனால் தவில் அடித்தால் ஹால் முழுக்க ஊம் என்று உறுமியது, ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடி அதன் மேல் விழுந்தது. மச்சான் காயிலை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார். ஊசியை மாற்றினார். கரண்டு சரியில்லை என்றார். ஆசாரி ஈர மரத்தில் பெட்டி அடித்துவிட்டான் என்று திட்டினார். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. தூக்கத்திலும் புரண்டுகொண்டே இருக்கிறார் என்று அக்கா சொன்னாள்.

அப்போது புதுச் சரக்கு வந்தது. கெட்டிப் போர்வையும் ஜமக்காளமுமாகக் கட்டிய பெரிய பெரிய சிப்பங்கள். கடையில் இடமில்லாமல் ஹால் மூலையில் அடுக்குவது எப்போதும் உள்ள வழக்கம். பெருநாள் வியாபாரத்தில் அந்த மூலை காலியாகிக் கிடந்தது. மாரப்பன் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து மூலையில் போட்டான். ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் பெட்டிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றவர் திடீரென்று கையைத் தூக்கினார்.

"மாரப்பா, இன்னொண்ணு வை."

வைத்தான்.

"இன்னொண்ணு. கூரை வரைக்கும் ஏத்து."

"ஏனுங்க மொதலாளி, கடைக்குள்ளாறயும் கொஞ்சம் எடமிருக்குதுங்களே?"

"அது கெடக்கட்டும். இங்க ஏத்து."

மேலே மேலே ஏற ஏற உறுமல் அடங்கியது. தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கழுவி வைத்தது போல வந்தது. நம்ப முடியாமல் மச்சான் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். உறுமல் திரும்பியது. ஏற்றச் சொன்னார், போய்விட்டது. பாவம் மாரப்பன், அன்றைக்கு அவன் தூக்கின தூக்கு அந்த வருஷம் பூராவும் தூக்கியிருக்க மாட்டான். மச்சான் சிப்பத்தைத் தட்டிக் கொடுத்து, "துணிதான் மிச்சச் சத்தத்தைக் குடிக்குது ஜமீலா! துணி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் அல்லாமல் வேறு எங்கே இது தெரியவந்திருக்கும்?

கஷ்டகாலமும் அங்கேதான் ஆரம்பித்தது. துணி விற்பதற்கு வந்தது. மச்சான் விற்க மறுத்தார்.

வாயைத் திறந்து மறுக்கவில்லை. ஆள் வந்து கெட்டிப் போர்வை கேட்டால், "தீந்துபோச்சே" என்று சிரித்த முகத்தோடு சொல்லி, எதிர்ச்சாரிக் கடைக்கு வழி காட்டி அனுப்புவார். மாரப்பனுக்கு இது தாங்கவில்லை.

"ஊட்டுக்குள்ள அத்தன கெடக்குதுங்களே மொதலாளி?"

"அது வித்தாச்சு மாரப்பா."

"ஆருக்குங்க?"

"எனக்கு."

மாரப்பன் இதை அடுப்படிக்கு வந்து எங்களிடம் சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் டெரிலினுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். கொடுத்த போர்வைக்குப் பணம் வந்தால்தான் டெரிலின் தருவேன் என்று மொத்த வியாபாரி சொல்லிவிட்டார். பெரிய மச்சான் தம்பியிடம் ஜாடையாகச் சொன்னார், பிறகு நேராகவே சொன்னார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, தொப்பியைக் கழற்றாமல் ஹாலில் நின்று சொன்னார்.

"இந்த சீசன்ல மூலையில கெடக்கறது போவலேன்னா, கடையையும் வீட்டையும் ரெண்டாப் பிரிச்சிரலாம். நீ பாட்டுக் கேளு. நான் பொழைக்கணும்."

வெறும் மிரட்டல் என்று நினைத்தோம். அடுத்த நாள் கொத்தனார் வந்தார். ஹாலின் ஒரு சுவரில் ஆணி அடித்து, எதிர்ச் சுவர் வரைக்கும் நூல் கட்டினார். பிரிவினை வந்தால் சுவர் எழும்பப் போகிற இடம் அது. நூல் முழங்கால் உயரத்தில் திவானுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஓடியது. சாயா எடுத்துப் போனாலும் தாண்டித்தான் போகவேண்டும். கடையில் பாதி போனால் மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு இந்த மனுஷனால் ஒரு மாசம் ஓட்ட முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொண்டதால்தான் கடை கடையாக இருந்தது. அக்கா பாத்திரங்களை எடுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள், எது தன்னுடையது, எது மாடிக்குப் போகவேண்டியது என்று. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் புத்தகத்தில் கண் ஓடாது.

மச்சான் நூலைத் தாண்டித் தாண்டிப் பெட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் நூலுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தட்டினார். இந்தப் பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் தட்டினார். பிறகு எங்களைப் பார்த்து, நிஜமாகவே யோசனையோடு சொன்னார்: "சுவர் இங்க வந்தா, ஹால் அகலம் கொறையும். ஒருவேளை சத்தத்துக்கு அது நல்லதா இருக்கும்."

அக்கா கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நானும் ஜமீயும் இந்த வீட்டுல எதுக்கு இருக்கோம்? சொல்லுங்க. நாங்களும் சத்தத்தைக் குடிக்கறதுக்கா? மூலையில ஏத்தி வச்சிருங்களேன், ஒரேயடியா."

அக்கா மச்சானிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஏதோ சொல்ல வந்தார், நூலைத் தாண்டி ஒரு அடி வைத்தார், திரும்பினார், கடைப் பக்கம் போனார், அங்கிருந்தும் வந்தார். அன்று இருட்டி மக்ரிப் பாங்கு சொல்லும் வரை ஹாலுக்கும் கடைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. அந்தக் காலுக்கு நிற்கத் தெரியாது, அதற்கு அவர் என்ன செய்வார் என்றும் தோன்றியது.

அதற்கப்புறம் சில நாட்களில் வேலந்தாவளத்துப் பக்கமிருந்து ஒரு கவுண்டர் வந்தார். மச்சானுடைய அத்தா காலத்திலிருந்து வாடிக்கை. அப்படிப்பட்டவர்களைக் கடைப் பலகையில் உட்காரவைக்க மாட்டார்கள், ஹாலுக்குள் கூட்டி வந்து சாயா கொடுப்பார்கள். கவுண்டர் நூலைப் பார்த்தார், என்ன என்று கேட்கவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டி வந்து திவானில் உட்கார்ந்தார். பெரிய மச்சான் பக்கத்தில் நின்றார்.

"தை மாசம் புள்ளைக்குக் கலியாணங்க. தோட்டத்துல பந்தல் போட்டு, வாரவிய எல்லாம் அங்கயேதான் படுக்கோணும். ஜமக்காளம், போர்வ எல்லாம் கனமா வேணுமுங்க. பனி இந்தத் தடவ பல்லக் கிட்டிக்கும்போல இருக்குது." சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தவர் கண் மூலையில் நின்றது. "அதென்னுங்க, கூர வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கறீங்க?"

பெரிய மச்சான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டார், அது எனக்குத் தெரிந்தது. தம்பி என்ன சொல்கிறான் என்று பார்க்கத்தான். அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெறுமனே நின்றாள். மச்சான் மூலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"அது போர்வைங்க. கெட்டி ரகம்."

"எத்தனைங்க இருக்குது?"

"மூலை பூராவும் அதுதாங்க. எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

மாரப்பனை உதவிக்குக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு சிப்பமாகத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு போய்க் கவுண்டரின் வேனில் போட்டார். கடைசிச் சிப்பம் போனதும் மூலையில் வெளிச்சம் அடித்தது, அங்கே சுண்ணாம்பு என்ன நிறம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. பெரிய மச்சான் குனிந்து ஆணியிலிருந்து நூலை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் நெய்ச்சோறு. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது. வீடு பிழைத்தது என்று நானும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் பெரிய மச்சானே பெரிய மனசு பண்ணி, "பாட்டுப் போடேன்டா, கேக்கலாம்" என்றார். மச்சான் போட்டார். வெறும் மூலையில் சத்தம் போய் மோதித் திரும்பி வந்து ஹாலையே உலுக்கியது. அடுப்படியில் தட்டு மேல் தட்டு கிணுகிணுத்தது. நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம், இதோ எழுந்திருக்கப் போகிறார் என்று. அவர் திவானில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. ஊசி ரெக்கார்டின் நடுவுக்குப் போய்க் கிரீச்சிட்டது.

"எப்படிடா இருக்கு?" என்றார் பெரிய மச்சான்.

"நல்லாத்தான் இருக்கு."

அன்று முதல் அவர் அப்படித்தான் ஆனார். இலை போட்ட இடத்தில் சாப்பிட்டார். கடையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கேட்டதை எடுத்துக் கொடுத்தார். சாயா ஆறிப்போனாலும் குடித்தார். "இப்பத்தான் மனுஷனாயிருக்கான்" என்று பெரிய மச்சானுக்கு ஏகத் திருப்தி. புதுச் சரக்கு வந்தது, டெரிலின் சட்டைத் துணி, வழவழவென்று. ஹாலில் அடுக்க வேண்டிய தேவையே இல்லை, ஒரு அலமாரிக்குள் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ரெக்கார்டு போடுவார். உட்கார்ந்தே கேட்பார், முழுசாக.

எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. அதுவரை அவர் அலைகிறார் அலைகிறார் என்று அலுத்துக்கொண்டவள்தான் நான். இப்போது அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அக்காவுக்கு என்னைவிட மோசம். சோறு ஆக்கும்போது கரண்டியை வைத்துவிட்டு ஹாலை எட்டிப் பார்ப்பாள். திரும்பி வந்து, "உக்காந்துதான் இருக்கார் ஜமீ" என்பாள், யாருக்கோ காய்ச்சல் இறங்கவில்லை என்று சொல்கிற குரலில்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது, ஹால் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து விறுவிறுவென்று வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய பெட்டிக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பெட்டி தரையைக் கீறிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

மச்சான் திடுக்கிட்டுப் பார்த்தார். "என்ன பண்ற நீ? நல்லாத்தான் இருக்கு, விடு."

அக்கா விடவில்லை. இன்னும் தள்ளினாள். பெட்டி திரும்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தது. நான் உதவிக்குப் போனேன், "நீ வராதே" என்று தடுத்துவிட்டாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"இப்ப?"

"நல்லா இருக்குன்னு சொல்றேன்ல?"

"இல்ல" என்றாள் அக்கா. "எனக்குப் பிடிக்கல. பாட்டு அலமாரியில கேக்குது, தவில் எங்கயோ கேக்குது. ரெண்டும் ஒட்டல. முந்தி ஒட்டியிருந்துச்சு. எனக்குத் தெரியும்."

ஹாலில் தவில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா சத்தத்தைப் பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. மச்சான் அவளையே பார்த்தார். அவர் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

"நீ எங்க நின்னு கேட்ட?"

"அடுப்படி வாசல்ல. வேற எங்க நிக்கறேன் நான்?"

மச்சான் எழுந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போய், அக்கா வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். திவானில் உட்கார்ந்தும் தரையில் தவழ்ந்தும் கேட்டவர், அங்கே மட்டும் நின்று கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு, "அட, ஆமா" என்றார். "இங்க இல்ல." வேகமாக வந்து பெட்டியின் மறுபக்கம் குனிந்தார். "நீ அந்த முனையைப் பிடி. தூக்காத, நகத்து மட்டும். மெதுவா... மெதுவா..."

இரண்டு பேரும் பெட்டியை இழுத்தார்கள், தள்ளினார்கள், சண்டை போட்டார்கள். நடுநடுவே ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அடுப்படி வாசலுக்கு ஓடிப்போய் நின்று கேட்டுவிட்டு வந்தார்கள். சத்தம் பொறுக்க முடியாமல் கடைக்குள்ளிருந்து பெரிய மச்சான், "என்னடா நடக்குது அங்க?" என்று கத்தினார்.

"எடம் பாக்கறோம்!" என்று அக்காதான் பதில் சொன்னாள்.